மலக்குடல் புற்றுநோய் அறுவைக்குப் பின் குடலிறக்கம்: தைப்பதா, தாங்குவதா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 62. மன்னார்குடிக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் நிலம், அவர்தான் பயிர் செய்கிறார். இரண்டரை ஆண்டுகளுக்கு முன் மலக்குடலில் புற்றுநோய் என்று கண்டுபிடித்து, கதிர்வீச்சு கொடுத்து, ஆசனவாயையும் சேர்த்து எடுத்துவிட்டு, இடப்பக்க வயிற்றில் நிரந்தரமாக மலப்பை வைத்திருக்கிறார்கள். ஒரு வருடமாகப் பையைச் சுற்றி வயிறு தள்ளிக்கொண்டு வருகிறது. படுத்தால் உள்ளே போகிறது. வரப்பில் நடந்தால் சின்னத் தேங்காய் அளவுக்கு நிற்கிறது. பை ஒட்டுவதில்லை, ஒழுகுகிறது. நான்கு மாதமாக, கீழே தைத்து மூடிய இடத்திலும் ஒரு பந்தின் மேல் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது என்று அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். ஒரு டாக்டர் உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார். இன்னொருவர் தொடவே கூடாது, பெல்ட் போதும் என்கிறார். கடைசியாக ஸ்கேன் எடுத்துப் பதினான்கு மாதம் ஆகிறது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார்; வெற்றிலை, புகையிலை பழக்கம் உண்டு. நோய் திரும்பிவிட்டதோ என்று அம்மா அழுகிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

இரண்டு மருத்துவர்களும் தவறாகச் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் இருவரும் ஒரே வீக்கத்தைப் பற்றித்தான் பேசினார்களா என்பது எனக்குச் சந்தேகம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் அப்பாவுக்கு இரண்டு குடலிறக்கங்கள் (ஹெர்னியா, அதாவது தசையில் உள்ள திறப்பு வழியே குடல் வெளியே தள்ளுவது) இருக்கின்றன: ஒன்று மலப்பை வைத்த துளையைச் சுற்றி, மற்றொன்று ஆசனவாய் இருந்த அடிப்பக்கத்தில். கீழே உள்ளதை அவர் அம்மாவிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறார் என்கிறீர்கள். அப்படியானால் அந்த இரு மருத்துவர்களில் ஒருவராவது அந்த இடத்தைப் பார்க்காமலேயே கருத்துச் சொல்லியிருக்கக்கூடும். வயிற்று வீக்கத்தைக் காட்டும் ஆண்கள் கீழ்ப்பக்கத்து வீக்கத்தைக் காட்டுவதில்லை என்பதை இத்தனை ஆண்டு வேலையில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அதனால் என்னிடம் வருபவர்களிடம் நானே முந்திக்கொண்டு கேட்டுவிடுவது வழக்கம்.

முதலில் உங்கள் அம்மாவின் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். குடலிறக்கம் என்பது புற்றுநோய் அல்ல, அது புற்றுநோயாக மாறுவதும் இல்லை. படுத்தால் உள்ளே போவதும், இருமினால் வெளியே தள்ளுவதும் குடலிறக்கத்தின் இயல்பு. நோய் இடுப்புக்குள் திரும்பி வரும்போது பெரும்பாலும் அப்படி இருக்காது. படுத்தாலும் குறையாத கட்டியாகவோ, இரவில் தூங்கவிடாத வலியாகவோ, காலுக்கு இறங்கும் வலியாகவோ, ஆறிய தழும்பில் மறுபடியும் நீர் கசிவதாகவோ அது வெளிப்படும். இருந்தாலும் இந்த அடையாளங்களை மட்டும் நம்பி ஒருவரை மேசையில் படுக்க வைக்க நான் துணியமாட்டேன், ஏனென்றால் இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே சமயத்தில் இருக்க முடியும். அறுவை முடிந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில்தான் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். அந்தக் காலத்தில் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சி.இ.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையும், ஆண்டுக்கு ஒருமுறையாவது மார்பு, வயிறு, இடுப்புக்கு சி.டி. ஸ்கேனும் தேவை. உங்கள் அப்பாவுக்குப் பதினான்கு மாதம் கடந்துவிட்டது. ஆகவே ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கு முன்னால் செய்ய வேண்டிய காரியம் அந்த ஸ்கேன்தான். நோய் திரும்பியிருக்கிறதா என்பதையும், தசையில் திறப்பு எத்தனை சென்டிமீட்டர் அகலம், உள்ளே என்ன இறங்கியிருக்கிறது என்பதையும் அந்த ஒரே ஸ்கேன் காட்டிவிடும். பெருங்குடலின் மீதிப் பகுதியை உள்நோக்கியால் பார்த்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். ஆசனவாய் இல்லாதவருக்கு மலப்பைத் துளை வழியாகவே அந்தக் குழாயைச் செலுத்திப் பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இனி மலப்பையைச் சுற்றியுள்ள குடலிறக்கத்துக்கு வருகிறேன். தொடை இடுக்கில் வரும் சாதாரணக் குடலிறக்கத்துக்கும் இதற்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. அங்கே தசை தானாகப் பலவீனப்பட்டு வழிவிடுகிறது. அதை முழுவதும் அடைத்துவிடலாம். இங்கே குடலை வெளியே கொண்டுவருவதற்காக மருத்துவரே தசையில் ஒரு வாசல் வைக்கிறார். அந்த வாசலை அடைக்க முடியாது, அடைத்தால் மலம் வெளியேற வழியில்லை. குடல் போகும் அளவுக்குத் திறந்தும், பக்கத்தில் வேறெதுவும் நுழையாத அளவுக்கு இறுகியும் அது ஆயுள் முழுவதும் இருந்தாக வேண்டும். வரப்பின் குறுக்கே குழாய் பதித்துத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரிந்துவிடும். குழாய்க்குள் ஓடும் நீர் தொல்லை தருவதில்லை; குழாயின் வெளிப்பக்கத்தை ஒட்டிக் கசியும் நீர்தான் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து வரப்பையே உடைக்கிறது. இருமல், தும்மல், பாரம் தூக்கும்போது வயிற்றுக்குள் ஏறும் அழுத்தம் ஆகியவை அந்தக் கசிவைப் போலத்தான் குடலின் பக்கவாட்டில் வேலை செய்கின்றன. ஐரோப்பியக் குடலிறக்கச் சங்கம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நிரந்தர மலப்பை வைத்தவர்களில் முதல் ஆண்டிலேயே 30 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கும், நீண்ட காலத்தில் ஏறத்தாழ பாதிப் பேருக்கும் இது வருகிறது. ஆகவே உங்கள் அப்பா மூட்டை தூக்கியதால்தான் இப்படி ஆயிற்று என்று வீட்டில் யாராவது அவரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தால் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள்.

இதைப் பரிசோதிக்கும் முறையைச் சொல்கிறேன், நீங்கள் கூட இருக்கும்போது கவனிக்கலாம். பையோடும் பெல்ட்டோடும் படுக்க வைத்து மேலாகத் தடவிப் பார்ப்பது பரிசோதனை ஆகாது. பையைக் கழற்றிவிட்டு, நிற்க வைத்து, இருமச் சொல்ல வேண்டும். கையுறை அணிந்த விரலைத் துளைக்குள் மெல்ல நுழைத்து, தசையின் விளிம்பைச் சுற்றிலும் தடவிப் பார்த்தால் எந்தத் திசையில் இடம் நெகிழ்ந்திருக்கிறது என்பது தெரியும். பிறகு பை ஒட்டும் தட்டைப் பார்க்க வேண்டும். சமதளத்துக்காகச் செய்த அந்தத் தட்டு, பானை வயிறுபோல் வளைந்த இடத்தில் நடுவில் மட்டும் ஒட்டிக்கொண்டு ஓரங்களில் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த இடைவெளியில்தான் மலம் கசிந்து தோலைப் புண்ணாக்குகிறது. போன ஆண்டு நாற்றுப் பறிக்கும் வேலை செய்யும் ஓர் அம்மாள் இதே குறையோடு வந்தார். குனிந்தபடியே நாள் முழுவதும் வேலை. குனியும்போது புடவைக் கட்டு சரியாகத் தட்டின் கீழ் விளிம்பில் அழுத்தி அதைப் பெயர்த்துவிடுகிறது. குடலிறக்கம் சிறியதுதான். வளைந்து கொடுக்கும் ஒற்றைத் துண்டுப் பைக்கு மாற்றி, துளையை மறுபடி அளந்து தட்டை வெட்டிக் கொடுத்து, புடவையை இரண்டு விரற்கடை மேலே ஏற்றிக் கட்டச் சொல்லி, படுத்தபடியே போட்டுக்கொள்ள ஒரு தாங்கு பெல்ட்டும் கொடுத்தோம். ஒழுகுவது நின்றது. அவர் ஆபரேஷன் வேண்டாம் என்று சொன்னார், நானும் ஒப்புக்கொண்டேன்.

அதனால் பெல்ட் போதும் என்று சொன்ன மருத்துவரை நான் குறை கூறமாட்டேன். வலி இல்லை, அடைப்பு வந்ததில்லை, பை ஒட்டுகிறது என்றால் பொறுத்துப் பார்ப்பது நல்ல முடிவு. வீக்கம் அசிங்கமாகத் தெரிகிறது என்பதற்காக மட்டும் வயிற்றைத் திறக்கலாகாது. ஆனால் பெல்ட் குடலிறக்கத்தைக் குணப்படுத்தாது, தாங்கிப் பிடிக்க மட்டுமே செய்யும். எழுந்து நின்று வீக்கம் வெளியே தள்ளிய பிறகு அதன் மேல் இறுக்கிக் கட்டினால் நன்மையைவிடத் தீமையே அதிகம். காலையில் படுக்கையிலிருந்து எழும் முன், வீக்கம் உள்ளே போயிருக்கும்போதே கட்டிக்கொள்ள வேண்டும். உங்கள் அப்பாவுக்கு இதைச் சரியாகச் செய்து இரண்டு மாதம் பார்த்தும் பை ஒழுகுகிறது, தோல் புண்ணாகிறது, வீக்கம் பெரிதாகிக்கொண்டே போகிறது, அவ்வப்போது வயிறு உப்பி வலிக்கிறது என்றால், அப்போது ஆபரேஷன் செய்யச் சொன்ன மருத்துவர் சொல்வது சரியாகிவிடும்.

அந்த ஆபரேஷன் எப்படிச் செய்யப்படுகிறது என்பதில்தான் பலன் இருக்கிறது. தசையின் விளிம்புகளை நூலால் இழுத்துத் தைத்து வாசலைக் குறுக்குவது பழைய முறை. நான் பயிற்சி முடித்து வெளியே வந்த புதிதில், நெல் அரவை வேலை பார்த்த ஒருவருக்கு அப்படித்தான் செய்தேன். ஐந்து தையல், முக்கால் மணி நேர வேலை, மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். பதினோரு மாதத்தில் முன்பைவிடப் பெரிய வீக்கத்தோடு திரும்பி வந்து, "டாக்டர், தைத்த நூல் அறுந்துபோச்சுங்களா?" என்று கேட்டார். நூல் அறுந்திருக்கவில்லை, நூல் அப்படியே இருக்க, அது பிடித்திருந்த தசைதான் கிழிந்திருந்தது. அவரை இரண்டாம் முறை அறுக்க நேர்ந்தது இன்றும் எனக்கு உறுத்தல்தான். வெறும் தையலோடு நிறுத்தினால் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் திரும்பி வருகிறது என்பது இன்று மருத்துவ உலகில் ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி. அவசர நிலையில் வேறு வழியில்லாமல் செய்யலாமே தவிர, திட்டமிட்டு நாள் குறித்துச் செய்யும் அறுவைக்கு அது ஏற்றதல்ல. மலப்பையை வலப்பக்கத்துக்கு மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னாலும் நன்றாக யோசியுங்கள். புது இடத்திலும் குடலிறக்கம் வரும், பழைய துளையை மூடிய இடத்திலும் வரும், நடு வயிற்றைத் திறந்திருந்தால் அந்தத் தழும்பிலும் வரும். ஒன்று இருந்த இடத்தில் மூன்றுக்கு வழி செய்ததாகிவிடும்.

இன்றைய முறை, தசையின் திறப்பைத் தாங்க மருத்துவ வலை (மெஷ்) வைப்பது. வலையின் நடுவே துளையிட்டு அதன் வழியாகக் குடலை விடுவது ஒரு வகை. நாளடைவில் அந்தத் துளையே அகன்று மறுபடியும் இறக்கம் வரக்கூடும் என்பது அதன் குறை. பால் சுகர்பேக்கர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1980-களில் விவரித்த முறையில் வலையில் துளையே கிடையாது. வெளியே வரும் குடலின் கடைசிப் பகுதியை வயிற்றுச் சுவரோடு பக்கவாட்டில் சாய்த்து வைத்து, அதன் மேல் முழு வலையைப் போர்த்தி, ஓரங்களைச் சுவரோடு பிணைத்துவிடுவார்கள். குடல் வலையின் ஒரு பக்கமாக நழுவி வந்து பிறகு துளைக்கு ஏறும். வயிற்றுக்குள் அழுத்தம் கூடும்போது அந்த அழுத்தமே குடலையும் வலையையும் சுவரோடு சேர்த்து அமுக்குமே தவிர, திறப்பை நோக்கித் தள்ளாது. லேப்ராஸ்கோப்பி மூலம், அதாவது சிறு துளைகள் வழியாகக் கேமராவும் கருவிகளும் விட்டுச் செய்யும்போது, துளையிட்ட வலையைவிட இந்தத் துளையில்லா முறையே மேல் என்பது நான் சொன்ன அந்த 2018 வழிகாட்டுதலின் பரிந்துரை. இதிலும் பத்தில் ஒன்றிரண்டு பேருக்குத் திரும்பி வருவதுண்டு; வரவே வராது என்று உறுதி சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

வலையைப் பற்றி நீங்கள் கேட்டறிய வேண்டியது ஒன்று உண்டு. தொடை இடுக்குக் குடலிறக்கத்துக்கு வைக்கும் சாதாரண பாலிப்ரோப்பிலீன் (ஒருவகை பிளாஸ்டிக்) வலை குடலை நேரடியாகத் தொடும்படி வயிற்றுக்குள் வைக்கத் தக்கதல்ல. குடல் அதில் ஒட்டிக்கொள்ளும், சில சமயம் வலை குடலை அரித்துத் துளைத்துவிடும். குடலைப் பார்க்கும் பக்கத்தில் ஒட்டாத பூச்சுள்ள வலையோ, அதற்கென்றே தயாரித்த வேறு வகையோ வேண்டும். விலை கூடுதல்தான், ஆனால் இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. தமிழக அரசின் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. உங்கள் குடும்பத்துக்கு அட்டை இருந்தால், எந்த வலைக்கு எவ்வளவு அனுமதி என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நடு வயிற்றுத் தழும்பில் வரும் இறக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆகவே விரிக்க வேண்டியதில்லை. ஸ்கேனில் அதுவும் தெரிந்தால் மலப்பைக் குடலிறக்கத்தோடு சேர்த்தே வலை வைத்துச் சரிசெய்துவிடலாம்.

கீழ்ப்பக்கத்து இறக்கத்தைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. உங்கள் அப்பாவுக்குச் செய்தது 1908-ல் லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் விவரித்த அறுவையின் வழிவந்தது. வயிற்றுப் பக்கமிருந்தும் அடிப்பக்கமிருந்தும் வேலை செய்து மலக்குடலையும் ஆசனவாயையும் ஒன்றாக எடுத்துவிடுவார்கள். இடுப்புக்கு அடியில் ஒரு தொட்டில்போல் விரிந்து உள்ளுறுப்புகளைத் தாங்கும் தசை ஒன்று இருக்கிறது. கட்டி அதை ஒட்டியிருந்தால் அந்தத் தசையையும் அகலமாகச் சேர்த்து எடுத்தால்தான் நோய் மிச்சமின்றிப் போகும். அப்படி எடுத்த பிறகு அடியில் மிஞ்சுவது கொழுப்பும் தோலும்தான். அறுவைக்கு முன் கொடுத்த கதிர்வீச்சு, மிஞ்சிய திசுவுக்கு ரத்த ஓட்டத்தைக் குறைத்து ஆறும் சக்தியை வாங்கிவிடுகிறது. மேலிருந்து சிறுகுடல் மெல்ல இடுப்புக்குள் இறங்கி, ஒருநாள் உட்காரும் இடத்துக்கே வந்துவிடுகிறது. பந்தின் மேல் உட்காருவதுபோல் என்று உங்கள் அப்பா சொன்னாரே, அது மிகச் சரியான வருணனை. கொஞ்சநேரம் நின்றால் இழுப்பதுபோன்ற பாரமும், சிறுநீர் கழிக்க முக்க வேண்டியிருப்பதும் இதோடு சேர்ந்து வரும்.

கவனிக்க வேண்டியது தோலை. வயிற்றின் மேல் தோல் தடிமனாக இருக்கும். இங்கே தழும்பு விழுந்த, கதிர்வீச்சுப் பட்ட தோல். அது நாளுக்கு நாள் மெலிந்து பளபளவென்று ஆகி, உள்ளே குடல் நெளிவது வெளியே தெரியும் நிலைக்கு வந்தால் காத்திருக்கக் கூடாது. தோல் விண்டு குடல் வெளியே வருவது அரிது என்றாலும் நடக்கக்கூடியதே. அந்த நிலை இல்லாமல், தோல் நன்றாக இருந்து, வட்ட மெத்தை போட்டு உட்கார்ந்தால் சமாளிக்க முடிகிறது என்றால் காத்திருக்கலாம். நோய் திரும்பும் காலத்தைக் கடக்கும் வரை காத்திருப்பதில் நன்மையும் உண்டு. தோலின் நிலையை உங்கள் அப்பாவால் தானாகப் பார்த்துக்கொள்ள முடியாது. அம்மா வாரம் ஒருமுறை பார்த்து வரட்டும்.

சரிசெய்யும் வழிகள் மூன்று. அடிப்பக்கத் தழும்பைத் திறந்து உள்ளே வலை வைத்து மூடுவது முதலாவது; உடலுக்குச் சிரமம் குறைவு, ஆனால் ஆழத்தில் ஒட்டியிருக்கும் குடலை மருத்துவரால் நன்றாகப் பார்க்க முடியாது. வயிற்றுப் பக்கமிருந்து, பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி மூலம், இடுப்புக்குள் இறங்கிய குடலை விடுவித்து மேலேற்றிவிட்டு, இடுப்பு வாயில் வலையைத் தொட்டில்போல் கட்டுவது இரண்டாவது. பின்பக்கம் இடுப்பெலும்பின் உறையிலும், பக்கங்களில் மிஞ்சிய தசையிலும், முன்பக்கம் ஆண்களுக்கு சுக்கியன் (புராஸ்டேட்) சுரப்பியை ஒட்டிய திசுவிலும் பிணைக்க வேண்டும். பிணைக்கப் பிடிமானம் இல்லாத பகுதி எப்போதும் முன்பக்கம்தான், திரும்பி வருவதும் பெரும்பாலும் அங்கேதான். புட்டத்துத் தசையையோ தொடையின் உட்பக்கத் தசையையோ ரத்த ஓட்டத்தோடு திருப்பிக் கொண்டுவந்து வெற்றிடத்தை நிரப்புவது மூன்றாவது. கதிர்வீச்சினால் கெட்டுப்போன இடத்துக்குப் புது ரத்தம் கொண்டுவருவதால், தோல் மெலிந்தவர்களுக்கும் ஒருமுறை வலை வைத்துத் தோற்றவர்களுக்கும் அது நல்ல வழி. ஆனால் அதற்கு பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவரும் உடன் இருந்தாக வேண்டும்.

விலங்குத் தோலைப் பதப்படுத்திச் செய்த வலைகளும் இந்த இடத்தில் பயன்படுகின்றன. நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், மலக்குடல் அறுவையின்போதே அப்படியொரு வலையை வைத்து மூடியவர்களில் ஓராண்டுக்குள் 13 சதவீதம் பேருக்கும், வெறுமனே தைத்து மூடியவர்களில் 27 சதவீதம் பேருக்கும் இந்த இறக்கம் வந்தது. புண் ஆறுவதில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. அவை பெரும்பாலும் பன்றித் தோலிலிருந்து வருபவை. நாகூர்ப் பக்கத்திலிருந்து வரும் குடும்பங்களுக்கும், மாமிசமே தொடாத குடும்பங்களுக்கும் இதைச் சொல்லாமல் வைப்பது பெரும் தவறு என்று கருதுகிறேன். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். உங்கள் வீட்டுக்கும் அது பொருட்டு என்றால் நீங்களே கேளுங்கள்.

இரண்டையும் ஒரே அமர்வில் செய்துவிட முடியுமா என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். முடியும். கதிர்வீச்சுப் பட்ட வயிற்றில் ஒட்டிக்கொண்ட குடல்களைப் பிரிக்கும்போது துளை விழுவதுதான் இந்த அறுவைகளின் பெரிய அபாயம். ஒரே முறை என்றால் அந்த அபாயமும் ஒருமுறையோடு போகும். ஆனால் அப்படியொரு துளை விழுந்துவிட்டால், அன்றைக்கு நிரந்தர வலை வைப்பதையே கைவிட நேரலாம், இரண்டு இடமும் அரைகுறையாக நின்றுவிடும். உங்கள் அப்பாவைப் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது. இருந்தாலும் என் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்டால், மலப்பைப் பக்கத்தை முதலில் செய்து, கீழ்ப்பக்கத்தின் தோல் தாங்கும் வரை அதைத் தள்ளிவைக்கலாம் என்பேன். பை ஒழுகாமல் இருந்தால்தான் அவர் வெளியே போவார், நாலு பேரோடு உட்காருவார், நன்றாகச் சாப்பிடுவார். அடுத்த அறுவைக்கு உடம்பு தேறுவதும் அப்படித்தான்.

அதற்குள் உடம்பைத் தயார்செய்யும் வேலை இருக்கிறது. புகைப்பதில்லையே, வாயில் அடக்குவதுதானே என்று புகையிலையைப் பற்றிச் சமாதானம் சொல்வார்கள். நிகோடின் எந்த வழியாக உள்ளே போனாலும் சிறு ரத்தக் குழாய்களைச் சுருக்கி, தைத்த இடத்துக்கு ரத்தம் போகவிடாமல் செய்கிறது. அறுவைக்கு நான்கு வாரம் முன்பாவது அதை முழுவதும் விட வேண்டும். வெற்றிலையோடு பாக்கும் வேண்டாம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் HbA1c அளவு 8-க்குக் கீழே வராமல் இந்த வகை அறுவைக்கு நான் நாள் குறிப்பதில்லை. நீடித்த இருமலும், சுக்கியன் சுரப்பி வீக்கத்தால் முக்கிச் சிறுநீர் கழிப்பதும் இருந்தால் அவற்றை முதலில் கவனிக்க வேண்டும், இல்லாவிட்டால் வைத்த வலையை அவரே நாள்தோறும் இழுத்துக்கொண்டிருப்பார். ரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்து, முட்டை, மீன், பருப்பு தாராளமாகக் கொடுங்கள்.

காலத்தைப் பற்றியும் சொல்கிறேன். இப்போது சம்பா நடவு முடிந்த நேரம். அறுவடையை விட்டுவிட்டு வரமாட்டார் என்பது எனக்குத் தெரியும், அவசர அறிகுறி எதுவும் இல்லாதவரை வர வேண்டியதும் இல்லை. தை மாத அறுவடை முடியட்டும்; அதற்குள் ஸ்கேன், சர்க்கரை, புகையிலை மூன்றையும் ஒழுங்குசெய்துவிட்டு மாசியில் நாள் குறிக்கலாம். அதன் பிறகு மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது. மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறக்கும் வழக்கப்படி குறுவை வேலை தொடங்கும்போது அவர் வரப்பில் நடக்கவும் மேற்பார்வை பார்க்கவும் முடியும். ஆனால் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோகும் 40 கிலோ சிப்பத்தை அவர் தோளில் ஏற்றுவது இனி எந்தக் காலத்திலும் வேண்டாம். பயிர் பார்ப்பதை விடச் சொல்லாதீர்கள். மூட்டை தூக்குவதை மட்டும் வேறு ஆளுக்கு மாற்றுங்கள். ஒன்றை விடச் சொன்னால் அனைத்தையும் விடச் சொன்னதாக எடுத்துக்கொண்டு மனமொடிந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

காத்திருக்கும் இந்த மாதங்களில் சில அறிகுறிகள் வந்தால் காலண்டரைப் பார்க்காதீர்கள். வீக்கம் திடீரென்று கல்போல் இறுகி, படுத்தும் உள்ளே போகாமல் வலிப்பது, பையில் மலமும் காற்றும் வருவது நின்று வயிறு உப்புவது, வாந்தி, செக்கச்செவேலென்று இருக்க வேண்டிய குடல் வாய் கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறுவது, வீக்கத்தின் மேல் தோல் சிவந்து காய்ச்சல் வருவது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும், இரவு இரண்டு மணியானாலும், சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காமல் 108-ஐ அழைத்து, அறுவை மருத்துவர் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு, அதாவது திருவாரூர் அல்லது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு நேரே கொண்டுபோங்கள். வீக்கத்தைக் கையால் அழுத்தி உள்ளே தள்ள யாரையும் அனுமதிக்காதீர்கள். நெரிக்கப்பட்ட குடலுக்கு ரத்தம் போகாமல் அழுகத் தொடங்குவது சில மணி நேரத்தில்.

திட்டமிட்ட அறுவைக்கு, மலப்பைக் குடலிறக்கத்துக்கு லேப்ராஸ்கோப்பியில் வலை வைத்துப் பழகிய பொது அறுவை மருத்துவர் போதும்; தஞ்சாவூரிலும் திருச்சியிலும் தேடுங்கள். கீழ்ப்பக்கத்துக்கு என்று வரும்போது, புற்றுநோய் அறுவை, பிளாஸ்டிக் அறுவை இரண்டும் ஒரே கூரையின் கீழ் உள்ள புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடத்தில் ஒருமுறை கருத்துக் கேட்டுவிடுவது நல்லது. மலக்குடல் அறுவையின் முழுக் குறிப்பு, திசுப் பரிசோதனை முடிவு, கதிர்வீச்சு அளவு எழுதிய தாள் ஆகிய மூன்றும் இல்லாமல் போகாதீர்கள். முதலில் அறுத்தவர் அந்தத் தொட்டில் தசையில் எவ்வளவு எடுத்தார் என்பது அந்தக் குறிப்பில்தான் இருக்கும். ஸ்கேன் எடுக்கும் அன்று, எடுப்பவரிடம் சொல்லி, ஒரு சுற்று சாதாரணமாகவும், இன்னொரு சுற்று மூச்சைப் பிடித்து முக்கியபடியும் எடுக்கச் சொல்லுங்கள். மல்லாந்து படுத்த நிலையில் இரண்டு வீக்கமும் உள்ளே போய்விடுவதால், அப்படி எடுக்காவிட்டால் கீழ்ப்பக்கத்து இறக்கம் படத்தில் விழாமலே போய்விடும். அந்தப் படத்தின் அறிக்கையோடு மறுபடி எழுதுங்கள்.